அரிப்பு அடங்கினால் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை

தங்கச்சி, ஐப்பசி பிறந்து துணி காயாத நாட்கள் வந்துவிட்டால் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். பாவாடை நாடா இறுக்குகிற இடுப்பில், தொடை இடுக்கில், மார்புக்கு அடியில், கால்விரல் சந்தில் அரிப்பு. கேட்கிறவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத்தான் கேட்பாள். சுத்தமில்லாதவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்ற பயம். அந்த வெட்கத்தை முதலில் தூக்கிப் போடு. தினம் இரண்டு வேளை குளிக்கிறவளுக்கும் படர்தாமரை வரும். குளித்த ஈரத்தோடு அவசரமாக உடுத்திக்கொண்டு ஓடுகிறவளாக இருந்தால் இன்னும் சீக்கிரம் வரும். வெட்கப்பட்டுக்கொண்டு டாக்டரிடம் போகாமல், மெடிக்கல் ஷாப்பில் நின்று "அரிப்புக்கு ஏதாவது ஒரு ஆயின்மென்ட் கொடுங்க" என்று வாங்கி வருகிறோம் பார், அந்த ட்யூப்தான் நம் ஊரில் பூஞ்சை நோய் இவ்வளவு முற்றிப்போனதற்குப் பெரிய காரணம். இன்றைக்கு அதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

அதற்கு முன்னால் உன் உடம்பு பூஞ்சையை எப்படிச் சமாளிக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள். அது தெரிந்தால், எதைச் செய்ய வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பது பாதி உனக்கே விளங்கிவிடும்.

உடம்பு தானாகச் செய்துகொள்கிற வேலை

பூஞ்சை இல்லாத இடமே கிடையாது. மண்ணில், காற்றில், பழைய ரொட்டியில், ஓதம் ஏறிய சுவரில், நம் தோலின் மேலேயே இருக்கிறது. பெயர் வைத்த இனங்களே ஒரு லட்சத்தைத் தாண்டும். மனிதருக்கு நோய் தருபவை அவற்றில் சில நூறுதான். நம்மைக் காப்பதில் உடம்புச் சூட்டுக்குப் பெரிய பங்கு. பெரும்பாலான பூஞ்சைகளுக்கு 37 டிகிரி தாங்காது. 2009-ல் ராபர்ட், கசடெவால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஆயிரக்கணக்கான பூஞ்சை மாதிரிகள் எந்தச் சூட்டில் வளர்கின்றன என்ற பதிவுகளை அலசினார்கள். 30 டிகிரியிலிருந்து 40 வரை ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் சுமார் 6 சதவீதப் பூஞ்சைகள் வளர முடியாமல் ஒதுங்கிவிடுகின்றன என்று கண்டார்கள்.

அந்தச் சூட்டைத் தாங்கும் மிச்சப் பூஞ்சைகளுக்குத் தோல் தடை போடுகிறது. மேல்தோலின் வெளி அடுக்கு உலர்ந்து இறந்த செல்களால் ஆனது. கிட்டத்தட்ட நாலு வாரத்துக்கு ஒருமுறை முழுவதும் உதிர்ந்து புதிதாகிறது. ஒட்டிக்கொண்ட பூஞ்சையும் அதோடு உதிர்ந்து போகும். தோலின் மேற்பரப்பு லேசான புளிப்புத்தன்மை உள்ளது, அதாவது அமிலம். நாம் தேய்க்கிற சாதாரணக் கட்டி சோப்போ காரம். அரிக்கிற இடத்தை நாளுக்கு நாலு தடவை கிருமிநாசினி சோப்பு போட்டுத் தேய்க்கிறவர்கள் உடம்பு தானே போட்டுவைத்திருக்கிற பாதுகாப்பைக் கரைத்து விடுகிறார்கள். சோப்பு ஒரு தடவை போதும். மற்ற நேரம் வெறும் தண்ணீரே நல்லது.

இதையும் தாண்டி பூஞ்சை தோலில் வேர்விட்டால் இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் வரும். பூஞ்சையின் சுவரில் பீட்டா குளூக்கன் என்றொரு சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. மனித செல் எதிலும் அது கிடையாது. அதைத் தொட்டு அடையாளம் காண்பதற்கென்றே நம் வெள்ளை அணுக்களின் மேல் உணர்விகள் உண்டு. 'இது நம்முடையது இல்லை' என்று தெரிந்ததும் சில அணுக்கள் பூஞ்சையை விழுங்கும். சில அணுக்கள் வேதிப்பொருட்களை வெளியிட்டு மற்ற அணுக்களை அங்கே வரவழைக்கும், தோலை வழக்கத்தைவிட வேகமாக உதிரச் சொல்லும். இரத்தத்தில் இருக்கிற இரும்பைக்கூட உடம்பு வெளியே விடாமல் புரதத்தோடு கட்டி வைத்திருக்கிறது, ஏனென்றால் இரும்பு இல்லாமல் பூஞ்சை வளராது.

இனி படர்தாமரையை உற்றுப் பார். நடுவில் தோல் ஓரளவு தெளிந்திருக்கும். ஓரம் மட்டும் சிவந்து தடித்து, செதில் செதிலாக, வட்டமாக விரிந்துகொண்டே போகும். உடம்பு பூஞ்சையோடு மும்முரமாகப் போராடிக்கொண்டிருப்பது அந்த ஓரத்தில்தான். நடுவில் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. களிம்பு பூசும்போது நடுவில் மட்டும் பூசுகிறோமே, பூஞ்சை அதிகம் இருப்பதோ ஓரத்திலும் அதற்கு வெளியே இன்னும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு விரல் அகலத்திலும். அதனால் வெளியிலிருந்து உள்நோக்கிப் பூசு.

அந்த ட்யூப்

அரிப்பு, சிவப்பு, செதில் எல்லாம் உன் உடம்பு பூஞ்சையைக் கண்டுகொண்டதன் அடையாளம். ஸ்டீராய்டு கலந்த களிம்பு அந்த எதிர்ப்பை அடக்கிவிடும். திருடனைப் பார்த்துக் குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டு, 'அப்பாடா, சத்தம் நின்றது' என்று படுத்துக்கொள்கிற மாதிரி. இரண்டே நாளில் அரிப்பு போய்விடும், சிவப்பும் மங்கும். "நல்ல ஆயின்மென்ட்" என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்வோம். பூஞ்சை அதற்குள் எதிர்ப்பே இல்லாமல் பரவிக்கொண்டிருக்கும். களிம்பை நிறுத்திய மறுவாரம் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வரும். மறுபடியும் அதே ட்யூப். இப்படி மாதக்கணக்கில் போட்டவர்களுக்கு வட்டம் வட்டமாக இல்லாமல் உருவமே மாறிப்போய், பார்க்கிற டாக்டருக்கே குழப்பம் வரும். தொடை இடுக்கில் தோல் மெலிந்து பிரசவத் தழும்பு போன்ற கோடுகள் விழும். அந்தக் கோடுகள் போகாது. முகத்தில் போட்டால் சிவந்த நரம்புகள் தெரிய ஆரம்பிக்கும், பருக்கள் வெடிக்கும்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. கரப்பானுக்கும் சொரியாசிஸுக்கும் டாக்டர் அளந்து கொடுத்தால் அது அருமருந்து. பூஞ்சை இருக்கிற இடத்தில்தான் அதற்கு வேலை இல்லை. 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. இருந்தும் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து மூன்றையும் ஒன்றாகக் கலந்த ட்யூப்கள் கவுன்டரில் கேட்ட மாத்திரத்தில் கைக்கு வருகின்றன. இது எனக்கு ஆறாத கோபம். வாங்குகிற நாமாவது விழித்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே வீட்டில் இருக்கிற ட்யூப்களை இன்றைக்கே எடுத்துப் பார். அட்டைப் பெட்டியில் பிராண்ட் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், டெக்சாமெத்தசோன் என்று 'சோன்' என முடிகிற பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. குளோபெட்டசால் என்றிருந்தால் அதில் மிக வலுவான ஒன்று. இதையும் குளோட்ரிமசோலையும் குழப்பிக்கொள்ளாதே. இரண்டும் 'குளோ' என்று தொடங்கும், ஆனால் குளோட்ரிமசோல் சுத்தமான பூஞ்சை மருந்து. லூலிகோனசோல், கீட்டோகோனசோல், டெர்பினஃபின் இவையும் பூஞ்சை மருந்துகள். கூட எதுவும் கலக்காத ட்யூப்தான் வேண்டும் என்று வாய்விட்டுக் கேள். "இதுதான் சீக்கிரம் கேட்கும்மா" என்று கடைக்காரர் வேறொன்றை நீட்டினால் வாங்காமல் திரும்பி வா.

சரியான களிம்பையே வாங்கினாலும் பாதியில் நிறுத்துகிற பழக்கம் நமக்கு உண்டு. அரிப்பு நின்றதும் ட்யூப் அலமாரிக்குப் போய்விடும். தோல் பார்வைக்குத் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் விடாமல் பூச வேண்டும். டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தால் அவர் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும். உடம்பு வெளியடுக்கை உதிர்த்து முடிக்க நாலு வாரம் ஆகும் என்று சொன்னேன் இல்லையா, அந்த அவகாசத்தை அதற்குக் கொடு.

முன்பெல்லாம் டெர்பினஃபின் மாத்திரை இரண்டு, மூன்று வாரம் சாப்பிட்டால் படர்தாமரை போய்விடும். இப்போது பலருக்குப் போவதில்லை. அந்த மருந்துக்கு அசையாத ஒரு பூஞ்சை நம் நாட்டில் பெருகிவிட்டது. 2020-ல் அதற்கு டிரைக்கோபைட்டன் இன்டோட்டினியே என்று பெயர் வைத்தார்கள். இந்தியாவின் பெயரே அதில் ஏறிவிட்டது. 2023-ல் நியூயார்க்கிலும் அதே பூஞ்சை கண்டுபிடிக்கப்பட்டது. ஸ்டீராய்டு கலவைகளையும் அரைகுறைச் சிகிச்சையையும்தான் தோல் டாக்டர்கள் இதற்குப் பெரிய காரணங்களாகச் சொல்கிறார்கள். அதனால் இரண்டு வாரம் களிம்பு பூசியும் வட்டம் சுருங்கவில்லை என்றால் இன்னொரு ட்யூப் வாங்காதே, தோல் டாக்டரிடம் போ. பெரிய அரசு மருத்துவமனைகளில் தோல் பிரிவு உண்டு, காசும் செலவில்லை.

ஈரம்

பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். அது கிடைக்காமல் செய்வது நம் கையில் இருக்கிறது. குளித்து முடித்ததும் தலையையும் முகத்தையும் துடைக்கிற அக்கறையோடு தொடை இடுக்கு, மார்புக்கு அடி, தொப்பைக்கு அடி, கால்விரல் சந்து எல்லாவற்றையும் ஒற்றி எடு. தேய்க்காதே. காலைத் துடைத்த துண்டால் மற்ற இடத்தைத் துடைக்காதே. காலில் சேற்றுப்புண் இருப்பவர்கள் அதே துண்டால் தொடையைத் துடைத்துத்தான் மேலே படையை வரவழைத்துக்கொள்கிறார்கள். துடைத்த பிறகு இரண்டு நிமிடம் ஃபேனுக்குக் கீழே நின்றுவிட்டு உடுத்து. குளியலறைக்குள்ளேயே நைட்டியை மாட்டிக்கொண்டு வெளியே வருகிற அவசரம் வேண்டாம்.

துண்டு ஆளுக்கு ஒன்று. இதில் சமரசமே கூடாது. பாத்ரூம் கதவில் தொங்குகிற ஒரே துண்டில் வீடே துடைத்துக்கொண்டால் ஒருவர் மருந்து பூசி என்ன பயன்? ஒருவருக்கு வந்தால் எல்லோரையும் பார்க்கச் சொல். நோய் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால்தான் போகும். குறிப்பாகக் கணவனும் மனைவியும். ஆண்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள், நீதான் கேட்க வேண்டும்.

உள்ளாடைகளை வெட்கப்பட்டு பாத்ரூமுக்குள்ளோ, மேலே புடவையைப் போட்டு மூடியோ காயவைக்கிற பழக்கத்தை என் வயதுக்காரர்கள் விட முடியாமல் வைத்திருக்கிறோம். நீ விடு. வெயில் படும் கொடியில், உள்பக்கம் வெளியே தெரியும்படி போடு. பூஞ்சை இருக்கிற காலத்தில் துணியை 60 டிகிரி வெந்நீரில் துவை. வாஷிங் மெஷினில் அந்த வசதி இல்லையென்றால் நன்றாகக் கொதித்த தண்ணீரில் ஊறவைத்துவிட்டுத் துவை. மழைக்காலத்தில் உள்ளாடையையும் பாவாடை நாடா ஓடும் மடிப்பையும் உள்பக்கமாக இஸ்திரி போடு, அந்தச் சூட்டில் மிச்ச ஈரமும் போய்விடும். ஈரம் முழுக்கப் போகாத ஜட்டியைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவதைவிட இன்னும் மூன்று ஜட்டி அதிகம் வாங்கி வைப்பது மலிவு.

பருத்தித் துணி, தளர்ந்த உடை என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். இறுக்கமான லெக்கிங்ஸும் ஜீன்ஸும் பஸ் பயணத்தில் வியர்வையைத் தொடையோடு ஒட்டவைக்கும். வீட்டுக்கு வந்ததும் மாற்றிவிடு. பாவாடை நாடாவைத் தினமும் ஒரே இடத்தில் கட்டாதே, கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே மாற்றிக் கட்டு. கயிற்று நாடாவுக்குப் பதில் அகலமான துணி நாடா போட்டுத் தைக்கச் சொல்.

மெட்டியை மறந்துவிடாதே. மெட்டிக்கு அடியில் தண்ணீர் நிற்கும், சோப்பு நிற்கும். தினம் ஒருமுறை நகர்த்தித் துடை. அங்கே தோல் வெளுத்து ஊறியிருந்தால் ஆறும்வரை கழற்றி வை. மாமியார் முகம் சுளித்தால் நான் சொன்னேன் என்று சொல்.

கைவிரல், கால்விரல்

பாத்திரம் தேய்த்து, துணி அலசி, மாவு அரைத்து நாள் முழுக்கத் தண்ணீரில் இருக்கிற கைகளுக்கு நகச்சுற்று வரும். திடீரென்று வீங்கி விண்விண் என்று வலித்தால் அது பெரும்பாலும் பாக்டீரியா. மாதக்கணக்கில் நகத்தடி வீங்கி, தோல் நகத்தைவிட்டு விலகி நிற்பது ஈரத்தால் வருவது. அந்த இடைவெளியில் கேண்டிடா என்ற பூஞ்சை குடியேறிக்கொள்ளும். எலுமிச்சம்பழத்தை விரலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் இது போகாது. பஞ்சுத் துணி கையுறையைப் போட்டு, அதற்கு மேல் ரப்பர் கையுறை போட்டுப் பாத்திரம் தேய். வெறும் ரப்பர் மட்டும் போட்டால் உள்ளே வியர்த்து அதுவே ஈரமாகிவிடும். நகத்தின் வேரில் இருக்கிற மெல்லிய தோலை பார்லரில் வெட்ட விடாதே, அது வேண்டாத சதை இல்லை, நகத்துக்குள் எதையும் விடாமல் மூடி வைத்திருப்பது.

நகமே தடித்து மஞ்சளாகிப் பொடிப்பொடியாக உதிர்ந்தால் பொறுமை வேண்டும். கைவிரல் நகம் முழுதாக வளர்ந்து வர ஆறு மாதம் ஆகும், கால்விரல் நகத்துக்கு ஒரு வருடத்துக்கும் மேல். மாத்திரையும் வாரக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும் என்பதால், நகத்துண்டைச் சோதித்துப் பூஞ்சைதான் என்று உறுதி செய்த பிறகே ஆரம்பிக்கச் சொல்.

நடவுக்குப் போகிற பெண்களுக்குச் சேற்றுப்புண் புதிதில்லை. வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவித் துடைத்து, விரல் சந்தில் சின்னப் பஞ்சையோ துணித்துண்டையோ வைத்து இடைவெளி விட்டாலே பாதி குறைந்துவிடும். மருதாணி அரைத்து வைக்கிற பழக்கம் பல ஊர்களில் உண்டு, அதில் தவறில்லை. ஆனால் சுகர் உள்ளவர்கள் இதோடு நின்றுவிடக் கூடாது. அந்த வெடிப்பு வழியாகத்தான் பாக்டீரியா நுழைந்து கால் முழுக்க வீங்கிக் காய்ச்சல் வருகிறது. பச்சைப் பூண்டைத் தட்டித் தோலில் வைத்துக் கட்டுவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். அது தோலைச் சுட்டுக் கொப்புளமாக்கிவிடும்.

தேமலும் பொடுகும்

இவை இரண்டுக்கும் காரணம் எல்லோர் தோலிலும் எண்ணெய்ப் பசையைத் தின்று வாழ்கிற மலசீசியா என்ற பூஞ்சை. தேமல் தொற்றாது. மருந்து போட்ட பிறகும் நிறம் திரும்பச் சில மாதம் ஆகும், "மருந்து கேட்கவில்லை" என்று நினைத்து மறுபடி மறுபடி பூசாதே. சுரண்டிப் பார்த்துச் செதில் வராவிட்டால் பூஞ்சை போய்விட்டது, நிறம்தான் பாக்கி. குழந்தைகளின் கன்னத்தில் வெளுத்துத் தெரிகிற திட்டு பெரும்பாலும் தோல் வறட்சியால் வருவது. பூஞ்சையும் இல்லை, வயிற்றில் பூச்சியும் இல்லை. தேங்காய் எண்ணெய் போதும்.

ஆனால் பொடுகு உள்ள தலையில் அதே எண்ணெயை ராத்திரி முழுக்க ஊறவைக்காதே. கீட்டோகோனசோல் ஷாம்பூவை வாரம் இரண்டு தடவை போட்டு, நுரையோடு ஐந்து நிமிடம் விட்டு அலசு. போட்டதும் அலசினால் பயனில்லை.

பெண்களுக்கு மட்டும்

நான்கு பெண்களில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது பிறப்புறுப்பில் கேண்டிடா வருகிறது. அங்கே இயல்பாகவே லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் இருந்து அமிலத்தன்மையைக் காக்கின்றன, கேண்டிடாவை எளிதில் பெருக விடுவதில்லை. சளிக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் அந்த நல்ல பாக்டீரியாவும் செத்துவிடும். மறுவாரமே அரிப்பு தொடங்கும். டெட்டால் கலந்த தண்ணீர், வாசனை வாஷ், உள்ளே தண்ணீர் அடித்துக் கழுவுவது எல்லாமே அதே கெடுதலைத்தான் செய்யும். வெறும் தண்ணீர் போதும், அதுவும் வெளியில் மட்டும்.

தயிர்த்திப்பி போல வெள்ளை, கடுமையான அரிப்பு, நாற்றமில்லை என்றால் பெரும்பாலும் கேண்டிடா. நாற்றம் இருந்தாலோ, பச்சையாகவோ மஞ்சளாகவோ இருந்தாலோ, அடிவயிறு வலித்தாலோ அது வேறு, டாக்டர் பார்க்க வேண்டும். தோழி சாப்பிட்ட ஃபுளூகோனசோல் மாத்திரையைக் கேட்டு வாங்கிச் சாப்பிடாதே. கர்ப்பமாக இருந்தால் அந்த மாத்திரை வேண்டவே வேண்டாம், உள்ளே வைக்கிற குளோட்ரிமசோல் மாத்திரையை டாக்டர் தருவார்.

இது வருடத்தில் நாலைந்து தடவை திரும்பி வந்தால் உடனே சுகர் பார். சர்க்கரை கூடினால் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடும், பூஞ்சைக்கு உணவும் கூடும். பல பெண்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதே இந்த அரிப்பு வழியாகத்தான் தெரியவருகிறது. ஆண்களுக்கும் முன்தோலில் புண்ணும் வெடிப்பும் வந்தால் இதே காரணம் இருக்கலாம். ஏற்கெனவே சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அட்டையில் டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிற மருந்துகள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லவை, ஆனால் அந்த இடத்தில் பூஞ்சை வர வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு தடவை சிறுநீர் கழித்த பிறகும் தண்ணீரால் கழுவி ஒற்றித் துடைத்தால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். மீறி வந்தால் டாக்டரிடம் சொல், மாத்திரையை நீயாக நிறுத்தாதே.

வாயிலும் கண்ணிலும்

கைக்குழந்தையின் நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் வெள்ளையாகப் படிந்திருந்தால், ஈரத்துணியால் மெல்லத் துடைத்துப் பார். வந்துவிட்டால் பால். வராமல் ஒட்டிக்கொண்டு, தேய்த்தால் அடியில் சிவந்தால் கேண்டிடா. குழந்தைக்கு மட்டும் மருந்து போட்டால் போதாது, தாயின் மார்புக் காம்புக்கும் போட வேண்டும், இல்லையென்றால் இருவரும் மாறி மாறிக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். இதற்கு வெகுகாலமாகக் கொடுக்கப்படுகிற நிஸ்டாடின், எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் ஒரு பண்ணை மண்ணிலிருந்த நுண்ணுயிரிலிருந்து எடுத்து 1950-ல் அறிவித்தது. அதில் வந்த ராயல்டி பணத்தை இருவரும் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளாமல் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு மனம் நெகிழும்.

பெரியவர்கள் வாயில் கேண்டிடா சும்மா வராது. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்கள் இழுத்தவுடன் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், முடிந்தால் ஸ்பேசர் வைத்து இழுக்க வேண்டும். இன்ஹேலரை நிறுத்தக் கூடாது, கொப்பளித்தாலே போதும். பல்செட் போட்டவர்கள் ராத்திரி கழற்றி வைக்கட்டும். இது எதுவும் இல்லாமல் வந்தால் சுகரும் எச்.ஐ.வி.யும் சோதிக்க வேண்டும்.

கண்தான் எனக்கு ரொம்பக் கவலை. கருவிழி தெளிவாக இருக்க வேண்டும் என்பதால் அதில் இரத்தக் குழாய் கிடையாது. வெள்ளை அணுக்கள் வந்து சேரத் தாமதமாகும், அதுவரை கண்ணீர்தான் காவல். கதிரடிக்கும்போது நெல் உமியோ, சோளத்தட்டையோ, கரும்புத் தோகையோ கண்ணில் பட்டுக் கீறினால் அதோடு பூஞ்சையும் உள்ளே போய்விடும். மதுரைப் பகுதியில் 1990-களில் செய்த ஓர் ஆய்வில், கிருமி இன்னதென்று கண்டுபிடிக்கப்பட்ட கருவிழிப் புண்களில் ஏறக்குறைய பாதியில் இருந்தது பூஞ்சைதான். இதற்கு நேட்டாமைசின் என்ற சொட்டு மருந்தே சிறந்தது என்று அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்த பெரிய ஆய்வு 2013-ல் காட்டியது. ஆகவே கண்ணில் தூசி பட்டு வலித்தால் தாய்ப்பால் விடாதே, நாக்கால் எடுக்க விடாதே, இலைச்சாறு பிழியாதே. சுத்தமான தண்ணீரால் கழுவிவிட்டு அன்றைக்கே கண் டாக்டரிடம் கூட்டிப்போ. 'சிவந்த கண்ணுக்குச் சொட்டு மருந்து' என்று கடையில் வாங்குவதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு போகும், புண் ஆழமாகும், பார்வையும் போகும். தோலில் நடந்த அதே கதை இங்கேயும்.

2021-ல் கருப்புப் பூஞ்சை வந்தபோது நாடே அந்தக் கதையைப் பார்த்தது. கொரோனாவுக்கு அதிக அளவில், அதிக நாள் கொடுத்த ஸ்டீராய்டும், கட்டுப்படாத சுகரும் சேர்ந்தபோது, எப்போதும் காற்றில் இருக்கிற அந்தப் பூஞ்சைக்கு வழி கிடைத்தது. சர்க்கரை மிகவும் ஏறி இரத்தம் அமிலமானால், உடம்பு கட்டி வைத்திருக்கிற இரும்பு அவிழ்ந்து பூஞ்சைக்குக் கிடைத்துவிடும். அந்த வருடம் ஜூலைக்குள் 45,000 பேருக்கும் மேல் பாதிக்கப்பட்டார்கள், 4,000 பேருக்கும் மேல் இறந்தார்கள். கொரோனா அலை ஓய்ந்தாலும் அந்த நோய் ஓயவில்லை. சுகர் உள்ளவருக்கு முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வலியோ வீக்கமோ, மூக்கில் கறுத்த சளியோ, மேல் பல் ஆட்டமோ, இரட்டைப் பார்வையோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதே. அந்த ராத்திரியே பெரிய மருத்துவமனைக்குப் போ.

கால் முள்

வெறுங்காலோடு வயலுக்குப் போகிறவர்களுக்காக இது. முள் குத்திய இடத்தில் மாதங்கள் கழித்து வலியே இல்லாமல் வீக்கம் வந்து, சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாகக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ மணல் போன்ற துகள்கள் வெளியே வந்தால் அது மதுரைக்கால். 1842-ல் மதுரையில் வேலை பார்த்த கில் என்ற டாக்டர் எழுதி வைத்ததால் இன்றைக்கும் உலகம் முழுவதும் மருத்துவப் புத்தகங்களில் இந்த நோய்க்கு நம் மதுரையின் பெயரும் இருக்கிறது. 2016-ல் உலக சுகாதார நிறுவனம் இதைக் கவனிப்பாரற்ற வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. வலிக்காது என்பதால் வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள், அதற்குள் எலும்பு வரை போய்விடும். சிலருக்குப் பூஞ்சையால் வரும், சிலருக்கு ஒரு வகைப் பாக்டீரியாவால். மருந்து இரண்டுக்கும் வேறு வேறு. அந்தத் துகளைச் சோதித்துப் பார்த்துத்தான் மருந்து கொடுக்க முடியும். வயலில் செருப்புப் போட முடியாது என்றால் வரப்பிலாவது, முள்வேலிப் பக்கமாவது போட்டுக்கொண்டு போகச் சொல். குத்திய முள்ளை முழுதாக எடுத்துச் சோப்புத் தண்ணீரால் கழுவு.

டாக்டரிடம் போகும்போது

இதுவரை பூசிய எல்லா ட்யூபையும், காலியானதையும், ஒரு பையில் போட்டு எடுத்துப் போ. பெயர் ஞாபகமில்லை என்று சொன்னால் அவருக்கும் இருட்டில் தடவுகிற வேலைதான். நீண்ட நாள் ஸ்டீராய்டு பூசியிருந்தால் மறைக்காமல் சொல். அதை நிறுத்தியதும் சில நாள் அரிப்பும் சிவப்பும் அதிகமாகும், அடங்கி இருந்த எதிர்ப்பு திரும்பி வருவதால் அப்படி. பயந்துகொண்டு மறுபடி அந்த ட்யூபை எடுக்காமல் இருக்க, அந்த நாட்களுக்கு அரிப்பு மாத்திரை எழுதித் தரச் சொல்லிக் கேள்.

பூஞ்சைதானா என்று சந்தேகமிருந்தால் ஓரத்துச் செதிலைக் கொஞ்சம் சுரண்டி, ஒரு சொட்டு மருந்து விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். கே.ஓ.ஹெச். சோதனை என்று பெயர். வலிக்காது, செலவும் சொற்பம், கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். செதில் கிடைக்க வேண்டும் என்பதால் அதற்கு முன்னால் சில நாள் அந்த இடத்தில் களிம்பு எதுவும் பூசாமல் இரு. காலையில் குளிக்கும்போது அங்கே தேய்த்துக் கழுவிவிட்டும் போகாதே.